லீமாவின் பெயருக்குக் கீழே

1

எங்கள் தேவாலயத் திருவிழா மலரில் என் பெயரைப் பார்த்ததும் ஊரில் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கே சிரிப்புதான் வருகிறது. மலரில் சாமியார்கள் எழுதுவார்கள், வாத்தியார்கள் எழுதுவார்கள், கல்லூரிப் பிள்ளைகள் கவிதை எழுதுவார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பூசைக்குப் போனால் கடைசித் தூணை ஒட்டி நிற்பேன். ஊர்க்கூட்டத்தில் எழுந்து ஒரு வார்த்தை பேசியவனல்ல. அப்படிப்பட்டவன் உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குற்றம் முழுவதும் என்னுடையதல்ல. கடியப்பட்டணத்தில் எங்கள் வாசகசாலையைப் பார்த்துக்கொள்ளும் கிளீட்டஸ் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். அவன்தான் போனில் பிடித்துக்கொண்டான்.

“மக்கா, மலருக்கு ஒண்ணு எழுதித் தா. நீ கனடாவுல நிக்கதப் பத்தி.”

“எனக்கு என்னலே தெரியும்? தெரிஞ்சவனுவகிட்ட கேளு.”

“தெரிஞ்சவனுவ எல்லாம் எழுதி முடிச்சாச்சு. அதாக்கும் ஒன்கிட்ட வந்திருக்கேன்.”

பனியைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அண்மையில் என் மனைவி லீமாவின் பிறந்தநாள் வந்து போனது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு எங்கள் வீட்டில் பிறந்தநாள் என்றால் ஒரு பயம். அந்தப் பயத்தைப் பற்றி எழுதுகிறேன். இங்கே வரலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் யாருக்காவது பயன்படலாம்.

2

நான் வெல்டர். மணவாளக்குறிச்சியில் ஒரு பட்டறையில் கையைச் சுட்டுக்கொண்டு படித்த தொழில். அதை வைத்துப் பல வருடம் கல்ஃபில் இருந்தேன். அங்கே கம்பெனி ஆளைக் குறைத்தபோது கனடாவின் கிழக்குக் கரையில் ஒரு படகுப் பட்டறைக்கு வெல்டர் வேண்டும் என்று ஒரு வழி திறந்தது. அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. வேலை அனுமதியில் வந்தேன். லீமாவும் மகள் ஆன்சியும் சில மாதம் கழித்து வந்து சேர்ந்தார்கள்.

வேலை அனுமதி என்பது தவணைதான். முடிந்தால் போக வேண்டும். போகாமல் இருக்க வேண்டுமானால் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி வாங்க வேண்டும். அதைப் புள்ளி வைத்துக் கொடுக்கிறார்கள். வயதுக்கு இத்தனை, படிப்புக்கு இத்தனை, ஆங்கிலத்துக்கு இத்தனை, செய்த வேலைக்கு இத்தனை. கூட்டிப் பார்த்து, நாட்டில் காத்திருக்கும் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, சில வாரங்களுக்கு ஒருமுறை ஓர் இடத்தில் கோடு போடுவார்கள். கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கு ‘விண்ணப்பம் போடலாம்’ என்று அழைப்பு வரும். கீழே இருப்பவர்கள் அடுத்த கோட்டுக்குக் காத்திருக்க வேண்டும். இதை நம்மவர்கள் குலுக்கல் என்பார்கள். உண்மையில் எதையும் குலுக்குவதில்லை.

இதில் வயதுதான் கொல்லும். முப்பதைத் தாண்டினால் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கொஞ்சம் பிடுங்கிக்கொள்வார்கள். நாற்பத்தைந்து ஆனால் வயதுக்குச் சைபர். நம் ஊரில் வயது ஏற ஏற உட்கார நாற்காலி போடுவார்கள். இங்கே இருக்கிற நாற்காலியை எடுத்துவிடுகிறார்கள்.

என் நாற்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு ஆன்சி கேக் வாங்கி வைத்திருந்தாள். வெட்டினோம். லீமா ஒரு துண்டை என் வாயில் வைத்தாள். அன்று என்ன போயிற்று என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். “கேக்கு கொள்ளாம், நல்லாருக்கு” என்றாள். “கொள்ளாம்” என்றேன்.

படிப்புக்கும் எனக்குப் புள்ளி இல்லை. பத்தாம் வகுப்பை இவர்கள் படிப்பாகவே எடுத்துக்கொள்வதில்லை. பட்டறை முதலாளி எழுதித் தந்த வேலை உறுதிக் கடிதத்துக்குக் கொஞ்சம் இருந்தது. ஒருநாள் அந்தப் புள்ளியையும் எல்லோருக்கும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். வெல்டர்களுக்கென்று தனியாகக் கோடு போடுவது உண்டு; அதற்கும் நான் எட்டவில்லை. மிச்சம் இருந்தது ஆங்கிலம் மட்டும். ஆங்கிலப் பரீட்சையில் கூடுதல் வாங்கினால் ஒரு வழி இருந்தது.

வாசிப்பதும் கேட்பதும் ஒரு மாதிரி வந்துவிட்டது. பேசுவதில்தான் மாட்டிக்கொண்டேன். எதிரில் ஒருவர் உட்கார்ந்து ஒரு விஷயம் தருவார். அதைப் பற்றி இரண்டு நிமிடம் விடாமல் பேச வேண்டும். எனக்குத் தமிழிலேயே இரண்டு நிமிடம் பேசத் தெரியாது. ஒருமுறை, ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். சும்மா இருப்பேன் என்று சொன்னேன். அதுதான் உண்மை. அந்த அம்மா ‘மேலே சொல்லுங்கள்’ என்பது போலத் தலையாட்டினார். நானும் மரியாதைக்குத் தலையாட்டினேன். அப்படியே நேரம் போய்விட்டது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு லீமாதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டே கேள்வி கேட்பாள்.

“ஒங்களுக்குப் பிடிச்ச ஒரு எடத்தப் பத்திச் சொல்லுங்க.”

“கடியப்பட்டணம் லைட் ஹவுஸ். உயரமா இருக்கும்.”

“பின்ன?”

“வெள்ளையா இருக்கும்.”

“பின்ன?”

“ராத்திரி எரியும். பின்ன என்ன பின்ன? அவ்வளவுதானட்டி இருக்கு.”

மேசையில் படித்துக்கொண்டிருந்த ஆன்சி தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள்.

3

ஆன்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் இங்கே வந்தபோது ஊர்த்தமிழ் மட்டும்தான் பேசினாள். பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் வாயைத் திறக்கவில்லை. என் பிள்ளை அல்லவா என்று நினைத்துக்கொண்டேன். பிறகு திறந்தாள். திறந்தபோது வேறு பாஷை வந்தது. இப்போது நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். நாங்கள் வற்புறுத்தினால் தமிழில் சொல்வாள், விருந்தாளிக்குச் சொல்வது போல.

என் வேலை அனுமதி அடுத்த கோடையோடு முடிகிறது, அதற்கு மேல் நீட்டிக்க முதலாளிக்கு வழியில்லை என்று தெரிந்த அன்று அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவள் பள்ளிப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது.

“மக்களே, ஒருவேள நம்ம வீட்டுக்குப் போவ வேண்டி வந்தாலும் வரும்.”

“வீட்டுக்கா?” என்றாள். அன்று தமிழில்தான் பேசினாள். “நான் வீட்டுலதானே இருக்கேன் அப்பா?”

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஏதோ தெரியாததைத் தெரியப்படுத்துவது போலச் சொன்னாள். அதன் பிறகு எனக்குப் புள்ளி என்பது என் சம்பந்தப்பட்ட காரியமாக இல்லை. நான் கடியப்பட்டணத்துக்குத் திரும்பினால் பிழைத்துக்கொள்வேன். அவளைத் திருப்பிக் கொண்டுபோக முடியாது, கொண்டுபோய் நிறுத்தத்தான் முடியும்.

லீமாவுக்கு இங்கே குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை. முதலில் உதவிக்குப் போனாள். பிறகு ஏதோ ஒரு சிறு பயிற்சி முடித்து ஒரு வகுப்பைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறாள். இரண்டு வயது, மூன்று வயதுப் பிள்ளைகள். அழுகிற பிள்ளையைத் தூக்கும்போது அவளுக்கு “வா மக்கா” என்றுதான் வாயில் வரும். ஒருநாள் ஒரு பிள்ளையின் தகப்பன் வந்து, எங்கள் வீட்டில் நாயைக்கூட என் மகள் ‘மக்கா’ என்று கூப்பிடுகிறாள், அது என்ன சொல் என்று கேட்டானாம். லீமா வெட்கப்பட்டுக்கொண்டு, அன்பானவர்களைக் கூப்பிடுவது என்றாளாம். இப்போது அந்த வகுப்பில் பத்துப் பன்னிரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஒன்றையொன்று மக்கா, மக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு திரிகின்றன.

4

இந்தச் சிறிய ஊரின் நூலகத்தில் சனிக்கிழமை தோறும் ஒரு வயதான அம்மா வந்து உட்காருவார். பெயர் மார்கரெட். ஓய்வு பெற்ற ஆசிரியை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு விண்ணப்பம் புரியாவிட்டால் இலவசமாக விளக்கிச் சொல்வார். கடைசி முயற்சியாக அவரிடம் கேட்டுப் பார்ப்போம் என்று லீமா என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

மார்கரெட் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். நான் லீமாவைப் பார்த்தேன். லீமா பதில் சொன்னாள். வயது நாற்பத்தேழு. வெல்டர். கல்ஃபில் இத்தனை வருடம், இங்கே இத்தனை வருடம். படிப்பு இவ்வளவு. ஆங்கிலப் பரீட்சையில் வாசிப்பு இவ்வளவு, பேச்சு இவ்வளவு. பேச்சில் ஏன் குறைந்தது என்பதையும் அவளே விளக்கினாள். அவர் நன்றாகப் புரிந்துகொள்வார், வெட்கப்படுகிறவர் என்றாள். நான் பக்கத்தில் இருந்து தலையாட்டினேன்.

அந்த அம்மா எல்லாவற்றையும் கணினியில் தட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு லீமாவைப் பார்த்து, “நீங்கள்?” என்றார்.

“நான் இவருடைய மனைவி” என்றாள் லீமா.

“அது தெரிகிறது. நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்?”

லீமா ஒருமுறை என்னைப் பார்த்தாள். பிறகு மெல்லிய குரலில், எம்.எஸ்சி. விலங்கியல், அதன்பிறகு பி.எட். என்றாள். வயதைக் கேட்டார். அடுத்த மாசியில் நாற்பது என்றாள். என்ன வேலை, எத்தனை நாளாக என்று கேட்டார். காப்பகம் என்றதும் அந்த அம்மாவின் கை விசைப்பலகையில் வேகமாக ஓடியது. குழந்தைகளைப் பார்க்கும் வேலைக்கும் பள்ளிக்கூட வேலைக்கும் தனியாகக் கோடு போடுகிறார்கள், அது கொஞ்சம் தாழ்வாக இருக்கும் என்றார். லீமா பரீட்சை எழுதினால் வரக்கூடிய ஆங்கிலப் புள்ளியைத் தோராயமாகப் போட்டார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

லீமாவின் புள்ளி கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.

“இத்தனை நாளும் ஏன் உங்கள் கணவரின் பெயரில் முயன்றீர்கள்?” என்று கேட்டார். குறையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். லீமா என் காகிதங்களை அடுக்கிப் பையில் வைத்தாள்.

காரில் ஏறி வெகுதூரம் வந்த பிறகு லீமா, “அந்த அம்மச்சி கூட்டினதுல எங்கயாவது தப்பு காணும்” என்றாள்.

“தப்பு ஒண்ணும் இல்ல.”

“நீங்க பாத்தியளா?”

“பாத்தேன்.”

“அப்ப ஏன் ஒண்ணும் மிண்டாம, வாயத் தொறக்காம இருக்கிய?”

“நான் எப்பட்டி மிண்டியிருக்கேன்?”

அவள் சிரிக்கவில்லை.

5

மார்கரெட் அம்மாவின் கேள்விக்கு எனக்கு இப்போது பதில் தெரியும். நாங்கள் கல்ஃபில் இருந்தவர்கள்.

கல்ஃபில் விசா ஆம்பிளைக்குத்தான். அவன் சம்பளம் ஓர் அளவைத் தாண்டினால் பெண்டாட்டியை வரவழைக்கலாம். அவளுடைய அடையாள அட்டையில் யார் பொறுப்பு என்ற இடத்தில் புருஷன் பெயர் இருக்கும். என்ன உறவு என்ற இடத்தில் மனைவி என்று இருக்கும். கீழே, வேலை செய்ய அனுமதி இல்லை என்று இருக்கும். லீமா அந்த அட்டையோடு ஆறு வருடம் ஓர் அறையில் இருந்தாள். அடுத்த அறையில் இன்னொரு குடும்பம், சமையலறை பொது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பாள். காசு வாங்கினால் அது வேலையாகிவிடும் என்று பயந்து வாங்க மாட்டாள். முதல் தடவை அந்த அட்டையை வாசித்தபோது, “எனக்கு வேல இல்லன்னு எழுதல்ல, பாத்தியளா? வேல செய்யப்பிடாதுன்னு எழுதியிருக்காவ” என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசியதில்லை.

எனவே கனடா என்றதும் விசா என்று நினைத்தோம். விசா என்றதும் என் பெயர் என்று நினைத்தோம். புள்ளியைக் கூட்டும்போது இவளைத் துணைவி என்ற கட்டத்தில் போட்டுவிட்டு, அந்தக் கட்டத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று மட்டும் பார்த்தோம். நம் கரையில் கல்ஃபுக்குப் போய் வந்த எந்த வீட்டிலும் இப்படித்தான் செய்திருப்பார்கள். பிற நாட்டுக்காரர்கள் முதலில் இரண்டு பேரையும் போட்டுப் பார்க்கிறார்களாம்.

விஷயம் தெரிந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நான் நினைத்தேன். லீமா சம்மதிக்கவில்லை.

“எனக்க பேருல வேண்டாம்.”

“ஏன்?”

“வேண்டாம்ன்னா வேண்டாம்.”

ஒரு வாரம் கழித்துத் துணி மடிக்கும்போது அவளாகவே சொன்னாள். “ஒங்க பேருல கிட்டல்லன்னா வயசுனால கிட்டல்ல. அது ஆருக்க குற்றமும் இல்ல. எனக்க பேருல போட்டுக் கிட்டல்லன்னா, அது என்னாலயாக்கும் கிட்டாமப் போனது. ஆன்சி எனக்க மொகத்தப் பாப்பா.”

நான் போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தேன். அதை மடித்துவிட்டு அவள் இன்னொன்றும் சொன்னாள்.

“பின்ன, ஊருல ஒங்களப் பத்தி ஒண்ணு சொல்லுவாவ. எனக்கு அது கேக்காண்டாம்.”

அதோடு பேச்சு நின்றுவிட்டது. புரட்டாசி போயிற்று, ஐப்பசி போயிற்று. நான் மறுபடி லைட் ஹவுஸைப் பற்றிப் பேசிப் பழகினேன். ஆன்சி இப்போது சிரிப்பதில்லை.

6

இந்த இடத்தில் எங்கள் கரையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான்; மலர் வெளியூர்க்காரர் கைக்கும் போகும் என்பதால் சொல்கிறேன். நம்மிடையே வீடு பெண்ணுக்கு. கல்யாணத்துக்கு மகளுக்கென்று ஒரு வீட்டையோ வீட்டில் பாதியையோ கொடுப்பார்கள். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவான். நானும் அப்படித்தான் லீமா வீட்டுக்குப் பெட்டியோடு போனேன். அவள் அப்பா கடலில் தொழில் செய்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. மகள் வாங்கிய எம்.எஸ்சி. பட்டத்தைக் கண்ணாடி போட்டு, முன்னறையில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். கல்ஃபிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் அந்தப் பட்டத்துக்குக் கீழேதான் எனக்கு இலை போடுவார்கள். எத்தனை வருடம் அதன் கீழே உட்கார்ந்து மீன்குழம்பு சாப்பிட்டிருக்கிறேன்! புள்ளி கூட்டியபோது மட்டும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லீமாவைக் கேட்காமலே அவள் அண்ணன் பெனட்டுக்கு போன் செய்தேன். பெனட்டுக்குச் சொந்தமாக ஒரு மீன்பிடி வள்ளம் உண்டு. என்னைவிட நான்கு வயது இளையவன். யாருக்கும் நானாக போன் செய்யும் பழக்கம் கிடையாது. அவன் பயந்துவிட்டான்.

“என்ன மச்சான்? ஆருக்கு என்ன?”

“ஒண்ணும் இல்ல மக்கா. முன்னறையில லீமாக்க சர்டிபிகேட்டு தொங்குதுல்லா. அத எடுக்கணும்.”

“என்னத்துக்கு?”

சொன்னேன். பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் விவரத்தைச் சீல் வைத்த உறையில் நேராக இங்கே அனுப்பச் சொல்ல வேண்டும், அதற்கு அவன் திருநெல்வேலிக்குப் போக வேண்டும், பட்டத்தின் நகலும் வேண்டும் என்று விளக்கினேன். இனி அவள் பெயரில்தான் விண்ணப்பம், நான் அவளோடு வருகிறவன் என்று சொன்னேன். ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பெனட்டுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அப்ப நீரு இனி எனக்க தங்கச்சிக்க விசாவிலயா மச்சான் நிப்பீரு? கரையில சொன்னா ஆளுவ சிரிச்சே சாவும். ஒரு ஆம்பிள பெண்டாட்டிக்க பேருக்குக் கீழ...”

எனக்குப் பொதுவாகப் பதில் அடுத்த நாள்தான் தோன்றும். அன்று உடனே வந்துவிட்டது.

“லேய் பெனட்டு, ஒங்க அப்பன் ஒனக்க தங்கச்சிக்குக் குடுத்த வீட்டுல பெட்டியத் தூக்கியோண்டு வந்து நின்னவனாக்கும் நான். அப்ப ஒருத்தனும் சிரிக்கல்ல. அவளுக்க வீட்டுல நிக்கலாம், அவளுக்க விசாவில நிக்கப்பிடாதா? நீயும் இப்ப ஒனக்க பெண்டாட்டிக்க வீட்டுல கெடந்தோண்டுதானலே எனக்க கிட்ட பேசுத?”

அவன் பெண்டாட்டி பின்னால் சிரிப்பது கேட்டது, ஸ்பீக்கரில் போட்டிருந்திருக்கிறான். “செரி மச்சான், போறேன் திருநெல்வேலிக்கு” என்றான்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சமையலறை வாசலில் லீமா நின்றுகொண்டிருக்கிறாள். கையில் கரண்டி. எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. சேலைத் தலைப்பு இல்லாததால் கரண்டி பிடித்த கையாலேயே வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

“இத அந்தப் பரிச்சக்காரி கிட்ட பேசியிருந்தா எப்பவோ கிட்டியிருக்குமே” என்றாள்.

மறுநாள் அவளே பரீட்சைக்குப் பதிந்துவிட்டாள்.

7

பெனட் சட்டத்தைக் கழற்றியபோது பட்டம் கண்ணாடியோடு ஒட்டியிருந்ததாம். கடற்காற்றுக்கு எதுதான் தப்பும்? ஒரு கடைக்காரர் நிதானமாகப் பிரித்துக் கொடுத்தார். ஓர் ஓரம் மட்டும் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது, எழுத்து எல்லாம் தப்பித்தது. திருநெல்வேலிக்கு மூன்று முறை போய்வந்தான். மூன்றாவது முறை கிறிஸ்மஸ் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் பாதி வழி நடந்தான் என்பதை வாரம் ஒருமுறையாவது போனில் சொல்லிக்காட்டுகிறான். சொல்லட்டும்.

பரீட்சை நகரத்தில். பனியில் மூன்று மணி நேரம் காரோட்டிக் கொண்டுபோய் விட்டேன். அவள் உள்ளே போனதும் காரில் காத்திருந்தேன். பிளாஸ்கில் சாயா இருந்தது. குடிக்கத் தோன்றவில்லை. கல்ஃபில் வெள்ளிக்கிழமை ஒருநாள்தான் எனக்கு விடுமுறை. அன்று நான் தூங்கி எழும் வரை, வெளியே கூட்டிக்கொண்டு போவேன் என்று லீமா உடுத்து ஒருங்கிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். எழுப்ப மாட்டாள். அது ஞாபகம் வந்தது.

வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது.

“எப்படி?”

“கேட்டாவ, சொன்னேன். ஒதவி செய்த ஒரு பக்கத்து வீட்டுக்காரியப் பத்திச் சொல்லச் சொன்னாவ. கல்ஃபுல நம்ம கூட ஒரே அடுக்களையில இருந்த அக்காளப் பத்திச் சொன்னேன்.”

“ரெண்டு நிமிசமா?”

“நிறுத்தச் சொன்னா. பின்னயும் ரெண்டு வார்த்த சொல்லிட்டுத்தான் நிறுத்தினேன்.”

புள்ளி நன்றாக வந்தது. எல்லா விவரத்தையும் புதிதாக ஏற்றினோம். திரையில் மேலே லீமாவின் பெயர் இருந்தது. கீழே, உடன்வரும் துணைவர் என்ற இடத்தில் என் பெயர். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். ஏதோ ஒன்று செய்தது, ஆனால் சிறிதாகத்தான். அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதி வந்தது. இனி யாரும் என்னிடம் இரண்டு நிமிடம் பேசச் சொல்ல மாட்டார்கள். பின்னால் நிற்பது எனக்குத் தெரிந்த காரியம்.

பிறகு காத்திருந்தோம். மாசி வந்தால் லீமாவுக்கு நாற்பது, புள்ளி இறங்கும். அதற்குள் கோடு போட்டுவிட்டால் தப்பிக்கலாம். ஒவ்வொரு நாளும் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் போனைப் பார்ப்பேன். கோடு போடவில்லை. வேறு தொழில்களுக்குப் போட்டார்கள், பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குப் போட்டார்கள். காப்பகத்துக்குப் போடவில்லை.

பிறந்தநாளும் வந்தது. லீமா காலையில் எழுந்து கணினியைத் திறந்து பார்த்தாள். புள்ளி தானாகவே இறங்கியிருந்தது. மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் ஆன்சி கேக் வாங்கி வந்தாள். அதன்மேல் தமிழில் ‘அம்மா’ என்று எழுதியிருந்தது. கடையில் வெள்ளைக்காரிக்கு எப்படி எழுதத் தெரிந்தது என்று கேட்டேன்.

“நான்தான் எழுதினேன்” என்றாள். ‘ம்’ மேல் வைத்த புள்ளி வழிந்துவிட்டிருந்தது. “கிடைக்காட்டிப் போட்டும்மா. போவோம். நான் அங்க வந்து படிக்கேன்.”

தமிழில் சொன்னாள். விருந்தாளிக்குச் சொல்வது போல இல்லை. லீமா அவள் முகத்தைப் பார்த்தாள். பயந்தது எதையும் அங்கே காணவில்லை போலிருக்கிறது, கேக்கை வெட்டினாள்.

அது முடிந்து சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் நான் ஒரு மீன்பிடிப் படகின் அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தேன். கிரைண்டர் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை. வெளியே வந்து பார்த்தால் லீமாவிடமிருந்து நிறைய அழைப்பு. திரும்பக் கூப்பிட்டேன். முதலில் பிள்ளைகளின் கூச்சல்தான் கேட்டது. மக்கா, மக்கா என்று ஒரே சத்தம்.

“கோடு போட்டாச்சு” என்றாள்.

“நம்ம?”

“மேல. கொஞ்சம்தான் மேல. ஆனா மேல.”

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பட்டறை வாசலுக்கு நடந்தேன். 

“கேக்குதா? அழைப்பு வந்திருக்கு. எனக்க பேருக்கு வந்திருக்கு.”

“கேக்குது” என்றேன். “நீ சொல்லு.”

அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கையுறையைக் கழற்றாமல் போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் இருக்கும்.

8

இனிமேல்தான் காகிதவேலை. முடிய மாதங்கள் ஆகலாம். இந்த நிலைக்கு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்துவிடும் என்கிறார் மார்கரெட் அம்மா. வாழ்ந்த நாடுகளிலிருந்தெல்லாம் போலீஸ் சான்றிதழ் வாங்க வேண்டும். லீமாவுக்கு வேலையில் விடுப்பு இல்லை. எனவே அழைப்பு வந்த மறுநாள் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு, கல்ஃப் சான்றிதழுக்கு அவள் சார்பில் விண்ணப்பம் நிரப்பினேன். விண்ணப்பதாரர் என்ற இடத்தில் லீமாவின் பெயரை எழுதினேன். நிரப்புகிறவர் அவருக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. கணவன் என்று எழுதினேன். தபாலில் சேர்த்துவிட்டு வந்து மீன் வெட்டிக் குழம்பு வைத்தேன்.